அதே நிலவறை, அதே வாசல்

அந்த நிலவறைக்குள் நான் எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. வாசலில் பாசி பிடித்த கல். உள்ளே இடப்பக்கம் திரும்பினால் எண்ணெய் தீர்ந்த விளக்கு. அதைத் தாண்டினால் படிக்கட்டு. படிக்கட்டின் அடியில் எனக்கென்றே நேர்ந்துவிட்டதுபோல் இரண்டு எலும்புக்கூடுகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விட்டு வருவேன். சில நாள் தூக்கத்திலும் போய்விட்டு வருகிறேன், அதற்குச் சம்பளம் கிடையாது.

வீடியோ கேம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் எனக்குச் சோதனை பார்க்கும் வேலை. மற்றவர்கள் செய்து தருவதை விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்ல வேண்டும். வெளியே சொன்னால், விளையாடுவதற்குச் சம்பளமா, கொடுத்து வைத்தவள் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களை ஒரு வாரம் என் நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். ஒரே ஒரு சுவரின் நிறத்தை மாற்றினாலும் வாசலில் தொடங்கி முழுவதையும் மறுபடி நடந்து பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் கம்பெனியின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் முதலாளி. நடக்கிறவள் நான்.

நிலவறையைக் கட்டியவன் என் கணவன். இதற்காகவே அவனை வேலைக்கு எடுத்தார்கள். ஒன்றரை வருஷமாக அவன் வேறெதையும் செய்யவில்லை. பகலில் அவன் உடைப்பான், நான் கண்டுபிடிப்பேன், அவன் ஒட்டுவான், ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று உடையும். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜையிலும் அதே பேச்சு. "மூணாவது அறையில சுவர் வழியா கை போகுது" என்று நான் சொல்ல, அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டுவான். எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்கள் விளையாட்டின் கதாநாயகன் நீலத் தொப்பி போட்ட ஒரு ஆள். பெயர் வைக்க யாருக்கும் நேரம் இல்லாததால் நீலத்தொப்பி என்றே நிலைத்துவிட்டது. அவன் ஊர் ஊராகச் சுற்றுவான், ஆனால் நான்கு தடவை இந்த நிலவறைக்கே திரும்பி வர வேண்டும். முதல் தடவை விளக்கை எடுக்க. விளக்கு வெளிச்சத்தில் ஒரு பள்ளம் தெரியும், அதைத் தாண்ட இரும்புக் கொக்கி வேண்டும், அதைத் தேடி எங்கோ மலைக்குப் போய்விட்டு மறுபடி இங்கே வர வேண்டும். மூன்றாவது தடவை உள்ளே தண்ணீர் ஏறியிருக்கும். நான்காவது தடவை ஒரு ராட்சசன். நடுவில் அதே எலும்புக்கூடுகள். முதலில் வெள்ளை, அப்புறம் சிவப்பு, அப்புறம் ஈரம் சொட்டச் சொட்ட, கடைசியில் தலையில் தொப்பி. எலும்புக்கூட்டுக்குத் தொப்பி மாட்டிவிட்டால் அது புது எலும்புக்கூடு ஆகிவிடுமா என்று கேட்டேன். அவன் கோபித்துக்கொண்டான்.

"இடம் அதேதான். ஆனா வர்றவன் ஒவ்வொரு தடவையும் வேற ஆளா வர்றான். அதுதான் விஷயமே" என்பான்.

வேற ஆளாவது, மண்ணாவது. நான் அதே ஆளாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் கடைசி அறையிலிருந்து வாசல் வரை திரும்பி நடந்து வெளியே வர வேண்டியிருந்தது வேறு என் உயிரை வாங்கியது. நான் மூக்கால் அழுத அழுகை தாங்காமல், ஒவ்வொரு தடவையும் கடைசி அறையில் ஒரு ஏணி முளைக்கும்படி செய்துகொடுத்தான். ஏறினால் நேராக வெளியே. கல்யாணமாகி அவன் எனக்குச் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. எனக்கு மட்டுமா, விளையாடுகிற எல்லாருக்கும் வசதி என்று முதலாளியே பாராட்டினார்.

முன்கூட்டி விளையாடிப் பார்க்கக் கொஞ்சம் பேருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எழுதியது ஒரே வார்த்தை: மறுபடியுமா? முதலாளி அதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். வியாழக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு விளையாட்டை வெளியிடப்போகும் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். அதற்குள் நிலவறையில் பெரிய பிழை ஒன்று அகப்பட்டால்கூட, நிலவறையையே அடியோடு தூக்கிவிடுவார். என் கணவனைப் பார்த்து, நிலவறை இல்லையென்றால் அவனுக்கு இங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னார். குரலை உயர்த்தாமல், டீ வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சொன்னார். அன்று இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த அழகில் வீட்டில் என் அக்கா வேறு. பல் வைத்தியத்துக்காக வந்து எங்களோடு தங்கியிருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் பதியும் ஜன்னலில் வேலை பார்க்கிறவள். அங்கே அவள் போட்ட சீட்டு தப்பாகாது என்பார்கள். நம்புகிறேன். ஏனென்றால் என் அக்கா எதையும் ஒரு தடவை பார்த்து விட்டுவிடுகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டுவாள், இரண்டு மாடி இறங்குவாள், தெருவுக்கு வருவாள், நிற்பாள். பூட்டினோமா? மறுபடி ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். பாதி வழியில் கேஸ் அடுப்பு ஞாபகம் வரும். அவளோடு சேர்ந்து நான் விட்ட பஸ்ஸும் ரயிலும் கொஞ்சநஞ்சமில்லை. இதற்குப் பின்னால் சின்ன வயதில் வீடு தீப்பிடித்தது, திருடன் வந்தது என்று ஏதாவது சோகக் கதை இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒன்றும் கிடையாது. அவள் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை காலையும் அதே கூத்து. டாக்ஸி வந்து நிற்கிறது. அக்கா காரில் ஒரு காலை வைத்தவள், அப்படியே எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். டிரைவர் என்னைப் பார்க்கிறார், நான் வானத்தைப் பார்க்கிறேன். என் கணவன் மனது மட்டும் அந்த நேரத்தில் நிலவறைத் தண்ணீருக்குள் இருந்தது. அக்கா இறங்கி வந்ததும் நான் கடித்துக் குதறிவிட்டேன். ஒரு நாளாவது மனுஷி மாதிரி கிளம்பத் தெரியாதா, உன்னால் எல்லாருக்கும் தாமதம் என்று. அவள் ஓரமாக உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே காற்று அடிக்கிற சத்தம், மேலே எட்டுப் பேர், எட்டு ஸ்கிரீன். உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் நான்கு தடவையும் நிலவறையை நடந்து முடித்தேன். விளக்கு, கொக்கி, தண்ணீர், ராட்சசன். ஒவ்வொரு தடவையும் ஏணி. ஒரு பிழைகூட இல்லை. எழுந்துபோய் முதலாளியிடம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கணவன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, அந்த வாரத்தில் முதல் தடவையாக, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று அவனே சொல்லிக் கீழே இறங்கினான்.

அவன் போன சற்று நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். பல் டாக்டர் இருப்பது அடுத்த தெருவில். பாதி வாய் மரத்துப்போயிருந்தது. பேசினால் வார்த்தை ஒரு பக்கமாக வழிந்தது. சாயங்காலம் எங்களோடு வீட்டுக்குப் போகலாம் என்று பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா இருக்கட்டும் என்று கன்ட்ரோலரை அவள் கையில் திணித்தேன். எது நடக்க, எது குதிக்க என்று காட்டி, நீலத்தொப்பியை நிலவறை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நான் என் தலைவலி மாத்திரையைத் தேடப்போனேன்.

அக்கா நீலத்தொப்பியை உள்ளே நடத்தினாள். நாலு எட்டு வைத்தாள். நின்றாள்.

"வாசக்கதவத் தெறந்து போட்டுட்டு வந்துட்டேன்டி" என்றாள், பாதி வாயால். "சாத்திட்டு வந்துடறேன்."

திரும்பி வாசலைத் தாண்டினாள். ஸ்கிரீன் கறுத்தது. இசை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டின் முதல் பக்கம் வந்தது. சேமித்து வைத்த ஆட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

என்னத்தை அமுக்கித் தொலைத்தாய் என்று அவளிடம் பாய்ந்தேன். ஒன்றையும் அமுக்கவில்லை என்றாள். கன்ட்ரோலரைப் பிடுங்கி, தனியே எடுத்து வைத்திருந்த பிரதிகளிலிருந்து வேறொரு ஆட்டத்தை ஏற்றி, நானே உள்ளே போய் வாசல் வழியாக வெளியே வந்தேன். கறுப்பு. எல்லாம் போய்விட்டது. இன்னொன்றை ஏற்றினேன். அதுவும் போயிற்று.

புரிந்துவிட்டது. ஏணி வந்த நாளிலிருந்து எங்களில் ஒருவர்கூட வாசல் வழியாக வெளியே வந்ததில்லை. எதற்காக வர வேண்டும்? உள்ளே போனால் வேலையை முடிப்போம், ஏணியில் ஏறுவோம். வெளியே வருகிறவன் வந்து நிற்க வேண்டிய இடத்தை என் கணவன் வாசலிலிருந்து ஏணிப் பக்கமாக நகர்த்தியிருந்தான். வாசல் மட்டும் இன்னும் அந்த இல்லாத இடத்துக்கே ஆளை அனுப்பிக்கொண்டிருந்தது. போகிற இடம் தெரியாமல் விளையாட்டு குழம்பிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. நிலவறையில் எனக்குத் தெரியாத கல் இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை தெரிந்திருந்ததால்தான் வாசலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சுற்றிப் பார்த்தேன். படம் வரைகிறவர் காதில் ஹெட்போன். இசை போடுகிறவர் தூங்கிவழிந்துகொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. இதைச் சொன்னால் நிலவறை போய்விடும், அவன் வேலையும் கூடவே போய்விடும். சொல்லாவிட்டால்? உள்ளே போன சூட்டோடு திரும்பி வெளியே வருகிறவர் உலகத்தில் யார் இருக்கப்போகிறார்கள்?

"நான் எதாவது கெடுத்துட்டேனா?" என்று அக்கா கேட்டாள். முகம் விழுந்துபோயிருந்தது. காலையில் நான் திட்டியது இன்னும் அதில் இருந்தது.

என் கணவன் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தான். சொன்னேன். காட்டினேன். அவன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போன உடனே எவன் வெளியே வருவான், யாரும் வர மாட்டார்கள், விட்டுவிடு என்றான். நான் ஒரு நிமிஷம் முன்னால் எனக்கே சொல்லிக்கொண்ட அதே பேச்சு. அதை அவன் வாயால் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்கா பக்கம் கையைக் காட்டினேன். அவள் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். பிறகு அவனுக்கே உரிய மாதிரி கணக்குப் போட ஆரம்பித்தான். சுலபமான வழி ஒன்று இருக்கிறது, ஆள் உள்ளே போனதும் வாசல் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது என்றான்.

"உள்ள போனா பூட்டிக்குமா, தம்பி?" என்று அக்கா கேட்டாள். "அப்படின்னா நான் உள்ளயே போக மாட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாசலை ஒழுங்காகவே சரிசெய்யத் தொடங்கினான். நான் முதலாளி அறைக்குப் போனேன்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எதிர்பார்த்ததையே கேட்டார். யார் இப்படிச் செய்வார்கள்? என் அக்கா செய்வாள் என்றேன். உங்கள் அக்கா மாதிரி ஊரில் எத்தனை பேர் என்றார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. ஆயுசு முழுக்க அக்காவைப் பார்த்து நான் சிரித்த அதே சிரிப்புதான். ஆனாலும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"திரும்பத் திரும்ப அதே இடத்துக்குப் போங்கன்னு நாம்தானே சார் ஜனங்களை விரட்டறோம்" என்றேன். "அப்புறம், திரும்பிப் பாக்கறவங்கள மட்டும் பைத்தியம்னு சொன்னா எப்படி? எங்க அக்கா ஒருத்தி பாத்தது போதும். நான் மட்டும் பாத்திருந்தா இந்தப் பிழை தெரிஞ்சே இருக்காது."

அவர் சிரிப்பு போய்விட்டது. வியாழக்கிழமை சொன்னதை நினைவுபடுத்தினார். பெரிய பிழை அகப்பட்டுவிட்டது, அதனால் நிலவறையைத் தூக்க வேண்டியதுதான் முறை. பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணி வரை தருகிறேன், அதற்குள் சரிசெய்து நான்கு தடவையும் நடந்து பார்த்துச் சுத்தம் என்று சொன்னால் இருக்கட்டும், எந்தப் பகுதியைப் பார்க்கவில்லையோ அது போகட்டும் என்றார்.

அவன் வாசலைச் சரிசெய்து முடிக்கவே மூன்றேகால் ஆகிவிட்டது. நான் மறுபடி அதே பாசி பிடித்த கல்லில் காலை வைத்தேன். அழுகையே வந்துவிட்டது, சத்தியமாக. விளக்கு. எலும்புக்கூடு. பள்ளம். இத்தோடு ஒவ்வொரு தடவையும் வாசலில் போய்ப்போய் வரவும் வேண்டும். அதற்கு எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. பக்கத்து ஸ்கிரீனில் அக்காவை உட்காரவைத்து, வாசலை மட்டும் நீ பார் என்றேன்.

அக்கா பார்த்தாள். உள்ளே போனாள், வெளியே வந்தாள். விளக்கோடு போனாள், விளக்கில்லாமல் வந்தாள். ஓடிப்போய் வந்தாள், நின்று நிதானித்து வந்தாள். வாசற்படியிலேயே நின்று யோசித்துவிட்டு மறுபடி போனாள். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற வேலையை அவள் வீட்டுக் காரியம் மாதிரி செய்துகொண்டிருந்தாள். என் கணவன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "அக்கா, தண்ணி ஏறினதுக்கு அப்புறம் ஒரு தடவை" என்பான். அவள் ஏற்கெனவே போய்விட்டு வந்திருப்பாள்.

ஐந்து மணிக்கு முதலாளி கதவைத் திறந்தபோது நான் மூன்றாவது தடவையின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். ராட்சசனும் தொப்பி போட்ட எலும்புக்கூடுகளும் இன்னும் உள்ளே இருந்தன.

"எல்லாம் பாத்தாச்சா?" என்றார்.

என் கணவன் என்னைப் பார்த்தான். காலையில் அந்த ராட்சசன் சுத்தமாகத்தான் இருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கும் பிழைத்துவிடும். அவன் கண்ணில் அது அப்படியே தெரிந்தது. ஆனால் காலையிலும் நான் சுத்தம் என்றுதான் சொல்லியிருந்தேன்.

"மூணு தடவை பாத்துட்டேன், வாசலையும் பாத்தாச்சு" என்றேன். "நாலாவது பாக்கல, சார்."

நாலாவது போயிற்று. ராட்சசனை வேறு ஒரு மலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நிலவறை மூன்று தடவையோடு தப்பியது, அவன் வேலையும் தப்பியது. வந்தவர்களிடம் முதலாளி, விளையாடுகிறவர்களின் குறையைக் கேட்டு நான்கை மூன்றாகக் குறைத்துவிட்டோம் என்று வாய் கூசாமல் சொன்னது அறைக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. என் கணவன் தொப்பிகளைப் பற்றித்தான் வருத்தப்பட்டான். ஒவ்வொரு தொப்பியும் ஒரு தினுசாகச் செய்திருந்தேன் தெரியுமா என்றான். தெரியும் என்றேன். என்னைவிட அதிகமாக யார் பார்த்திருக்கிறார்கள்? அவன் முகம் கொடுக்காமல் பையை எடுத்து மாட்டிக்கொண்டான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

எல்லாரும் போன பிறகு ஆபீஸைப் பூட்டுகிற முறை அன்றைக்கு என்னுடையது. பூட்டிவிட்டு இறங்கினேன். டயர் கடையில் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்ஸி நின்றது. அக்கா ஏறி உட்கார்ந்தாள், அவன் ஏறினான். நான் காரில் ஒரு காலை வைத்தேன்.

பூட்டினேனா?

சாவி கையில்தான் இருக்கிறது. பூட்டியிருப்பேன். பூட்டாமல் சாவி எப்படிக் கைக்கு வரும்? ஆனால் பூட்டு விழுந்த சத்தம் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். என் கணவன், அத்தனை வருத்தத்திலும், அன்று முதல் தடவையாகச் சிரிக்கிற மாதிரி இருந்தான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மரப்பு விட்டுப்போய் அவளுக்கு வலி தொடங்கியிருந்தது.

"போய்ப் பாத்துட்டு வாம்மா" என்றாள். "ஒண்ணும் அவசரமில்ல. நாங்க இருக்கோம்."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை நான் அவளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு மாடி ஏறினேன்.

கதவு பூட்டித்தான் இருந்தது. ஆனாலும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தடவையும் இழுத்தேன்.